மடிக்கணினியில் வரைகலை அட்டையை மாற்றுதல்

மேசைக்கணினி வைத்திருப்போர் தம் கணினியின் வரைகலை அட்டை பழுதுற்றாலும், புதிய விளையாட்டுகளுக்கு ஈடுகொடாது தளர்ந்தாலும், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதியதொன்றைச் செருகிக்கொள்வர். அது கால்மணி நேர வேலை. மடிக்கணினி வைத்திருப்போர்க்கு இவ்வெளிமை வாய்ப்பதில்லை. விளையாட்டுக்கென்றே பெருவிலை கொடுத்து வாங்கிய இயந்திரம், திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கவும், வரைகலை ஒன்றினாற் பின்தங்கி மூலைக்குப் போகின்றது. அதனைத் திருத்தகத்துக்குக் கொண்டு செல்வோருட் சிலர்க்கு, மாற்றவே இயலாது என்னும் விடை கிடைக்கின்றது. வேறு சிலர்க்கோ, எதனையும் மாற்றலாம் என்று கூறி அட்டை விற்பார் வாய்க்கின்றனர். இவ்விரு கூற்றும் முழு உண்மை அல்ல. எவ்வியந்திரத்தில் மாற்றம் இயலும், எதில் இயலாது, இயலுமிடத்தும் அது செய்யத்தக்கதோ என்பன பொருளை அறிந்தே துணியற்பாலன.

வரைகலை அட்டையின் தொழில் யாதென முதற்கண் நோக்குவது நன்று. கிடையாக 1920 புள்ளிகளும் நிலைக்குத்தாக 1080 புள்ளிகளும் உடைய ஒரு திரையில் மொத்தம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. ஒரு செக்கனில் 60 முறை படம் மாறுமாயின், ஏறக்குறைய 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணித்தல் வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் கணிப்பும் எளியது. ஆயின் எண்ணிக்கையோ பெரிது. கணினியின் மத்திய செயலி கடினமான கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து செய்யும் நாலைந்து புலவரை ஒக்கும். வரைகலைச் செயலியோ எளிய கணக்குகளை ஒரேவேளையிற் செய்யும் ஆயிரம் மாணாக்கரைக் கொண்ட வகுப்பை ஒக்கும். அவ்வாயிரவர்க்கும் வேண்டிய தரவுகளைக் காலந்தாழ்த்தாது வழங்குதற்கு அச்செயலியின் அருகிலேயே தனி நினைவகமும் அமைந்திருக்கும். செயலி, நினைவகம், அவற்றுக்கு மின்னை நெறிப்படுத்தும் உறுப்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வரைகலை அட்டை எனப்படுவது.

மடிக்கணினிகளில் இம்மூன்றும் இருவகையாக அமைக்கப்படும். ஒருவகையில், அவை தாய்ப்பலகையின் மீதே பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். செயலியின் அடிப்புறத்தே நூற்றுக்கணக்கான நுண்ணிய உலோகக் குண்டுகள் வரிசைவரிசையாக இருக்க, அவை உருகித் தாய்ப்பலகையோடு பிணையும். இன்று விற்கப்படும் மடிக்கணினிகளுட் பெரும்பாலன இவ்வகையினவே. இவற்றில் அட்டை என்று தனியே ஒரு பொருள் இல்லை. ஆகவே மாற்றுதற்கும் ஒன்றில்லை. தாய்ப்பலகை முழுவதையும் மாற்றுதலே வழி. அதற்காகும் செலவு பழைய இயந்திரம் ஒன்றின் விலையை விஞ்சுதலும் உண்டு. மற்றைய வகையில், வரைகலை உறுப்புகள் ஒரு சிறு பலகையில் அமைந்து, தாய்ப்பலகையிலுள்ள பொருத்துவாயிற் செருகப்பட்டிருக்கும். மாற்றம் என்னும் பேச்சு இவ்வகைக்கே உரியது.

இரண்டாம் வகைக்கு ஒரு பொதுவளவு ஏற்படுத்த முயன்றது என்விடியா நிறுவனம். 2004 ஆம் ஆண்டில் அது வெளியிட்ட அமைப்பு எம்.எக்ஸ்.எம். எனச் சுருக்கமாக வழங்கும். ஏ.ரி.ஐ. நிறுவனமும் அக்காலத்தில் ஆக்சியம் என்னும் பெயரால் தனக்கெனவோர் அமைப்பைக் கொணர்ந்தது, அது நிலைபெறவில்லை. ஏ.ரி.ஐ.யை 2006 இல் ஏ.எம்.டி. வாங்கிய பின்னர், அந்நிறுவனத்தின் றேடியன் அட்டைகளும் எம்.எக்ஸ்.எம். வடிவிலேயே வந்தன. இவ்வமைப்பின் மூன்றாம் பதிப்பில் இரு அளவுகள் உள. சிறியது 82 மில்லிமீற்றர் அகலமும் 70 மில்லிமீற்றர் நீளமும் உடையது. பெரியது அதே அகலமும் 105 மில்லிமீற்றர் நீளமும் உடையது. விளையாட்டு மடிக்கணினிகளின் வலிய அட்டைகள் யாவும் பெரிய அளவின. பொருத்துவாய் ஒன்றே ஆதலின், எந்நிறுவனத்தின் அட்டையும் எவ்வியந்திரத்திலும் இயங்கும் என்று கொள்வாருமுளர். அங்ஙனம் கொள்ளுதல் பிழை. பொருத்துவாய் பொதுவாயினும், திருகு ஏறும் துளைகளின் இடம், செயலியின் உயரம், நினைவகத் துண்டுகளின் இருக்கை, அட்டைக்குள் எழுதப்பட்ட மென்பொருள் ஆகியன இயந்திரந்தோறும் வேறுபடும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குதல் தகும். ஏலியன்வெயர் எம்17எக்ஸ் என்னும் வரிசையின் நான்காம் பதிப்பு 2012 இல் வெளிவந்தது. ஏலியன்வெயர் 1996 இல் அமெரிக்க நாட்டு மியாமி நகரிற் தொடங்கப்பெற்று 2006 இல் டெல் நிறுவனத்தின் கைக்கு வந்த நிறுவனமாகும். 17.3 அங்குலத் திரையும், இன்ரெல் நிறுவனத்தின் மூன்றாந் தலைமுறை மத்திய செயலியும், எம்.எக்ஸ்.எம். பொருத்துவாயும் கொண்ட இவ்வியந்திரம் வலிய உடலது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் இயங்குவன உள. இதனை வாங்கினோர் அன்று தம் பொருள்வசதிக்கேற்ப ஜி.ரி.எக்ஸ் 660எம், 675எம், 680எம், றேடியன் 7970எம் என்னும் அட்டைகளுள் ஒன்றைத் தேர்ந்தனர்.

இப்பெயர்களைக் கொண்டு வலிமையை அளப்பார் ஏமாறுவர். 675 என்னும் எண் 660 இனும் பெரிது. 680 இற்குச் சிறிதே குறைந்தது. ஆகவே 675எம், 680எம் இரண்டும் ஏறக்குறைய ஒரே தரத்தன என்று எண்ணத் தோன்றும். உண்மையில் 675எம் என்பது 2011 இல் 580எம் என்னும் பெயரோடு விற்கப்பட்ட பழைய அட்டையே. பெயர் மாத்திரம் புதிது. அதன் உள்ளமைப்பு பெர்மி எனப்படும் முந்திய தலைமுறைக்குரியது. கணிப்பு அலகுகள் 384. அதற்கு அடுத்த 680எம் கெப்லர் எனப்படும் புதிய தலைமுறையைச் சேர்ந்தது. அதன் அலகுகள் 1344. மூன்றாவதான 660எம் கெப்லர் தலைமுறையினதாயினும் அதன் அலகுகளும் 384 மாத்திரமே. ஒரே எண்ணிக்கையான அலகுகள் இரு தலைமுறைகளில் ஒரே வேலையைச் செய்வதுமில்லை. விற்பனைக்காக இடும் பெயர் வேறு, பொருள் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பழம்பொருட் சந்தையில் அட்டை தேடுவார் பெயரை நோக்காது, தலைமுறை, அலகுகளின் எண்ணிக்கை, நினைவகத்தின் அகலம் ஆகிய மூன்றையும் நோக்குதல் வேண்டும்.

இவ்வியந்திரத்துக்கு மாற்றாக விரும்பப்பட்டது 2014 ஒக்ரோபரில் வந்த ஜி.ரி.எக்ஸ் 980எம் ஆகும். இது மக்ஸ்வெல் தலைமுறையினது, அலகுகள் 1536, நினைவகத்திலிருந்து செக்கனுக்கு 160 கிகாபைற்று தரவைப் பெறவல்லது. 680எம் அட்டையில் இவ்வளவு 115 கிகாபைற்று அளவினதாகும். ஈண்டு நோக்கத்தக்கது மின்வலு. 680எம், 980எம் என்னும் இரண்டும் ஏறக்குறைய 100 உவாற்று மின்வலுவையே நுகர்வன. இருவேறு காலத்தனவாயினும், இரண்டன் செயலிகளும் 28 நனோமீற்றர் எனப்படும் ஒரே உற்பத்தி முறையால் ஆக்கப்பட்டவை. அங்ஙனமிருந்தும் பின்னையது கூடிய வேலையைச் செய்தற்குக் காரணம் அலகுகளை ஒழுங்குபடுத்திய முறையே. இவ்வொன்றினாலேயே பழைய உடலிற் புதிய அட்டை பொருந்துவதாயிற்று. மின்வலு கூடியிருப்பின், அவ்வுடலின் மின்வழங்கியும் வெப்பம் போக்கும் உறுப்புகளும் அதனைத் தாங்கா.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மாற்றம் தோல்வியுறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயாம். செயலி நுகரும் மின்வலு முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறும். 100 உவாற்று என்பது பழைய காலத்து மின்குமிழ் ஒன்று தரும் வெப்பம். அக்குமிழைத் தொடவொண்ணாமையை யாவரும் அறிவர். அத்துணை வெப்பமும் ஒரு தபால்முத்திரையளவு பரப்பில் எழுகின்றது. அதனைப் பலகையின் ஓரத்திலுள்ள விசிறிக்குக் கொண்டுசெல்வது வெப்பக்குழாய். திண்மச் செப்புக்கோல் இதனைச் செய்யாதோ எனின், செய்யும். ஆயின் மெதுவாகவே செய்யும். வெப்பக்குழாய் உள்ளீடற்றது. அதனுள்ளே காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். அமுக்கம் குறைந்தவிடத்து நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும் என்பது மாணவர் அறிந்ததே. செயலியின்மீது அமர்ந்த முனையில் நீர் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆவி மறுமுனைக்கு விரையும். அங்கே செட்டைகளுக்கிடையே விசிறியின் காற்றுப்பட்டு ஒடுங்கி, வாங்கிய வெப்பத்தை விட்டு மீண்டும் நீராகும். சோற்றுப்பானையின் மூடியில் ஆவி துளியாகத் திரள்வதும் இதுவே. அந்நீர் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்டுளைகளின் வழியே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுமாறு போலத் திரும்பிவரும். அமெரிக்கரான கோக்லர் 1940களிலே இக்கருத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1963 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் குரோவர் என்பார் இதனைத் தாமாகவே ஆக்கி வெப்பக்குழாய் என்னும் பெயரால் வெளிப்படுத்தினார். விண்கலங்களுக்குப் பயன்பட்ட இது பின்னர் மடிக்கணினிக்குள் வந்தது.

இவ்வளவு நுட்பமான குழாயும், செயலியின் முகத்தோடு நன்கு பொருந்தாவிடின் பயனற்றதாகும். கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளை ஒன்றன்மேலொன்று வைப்பின், அவை உண்மையிற் சில புள்ளிகளிலேயே தொடும். இடையில் காற்றே நிற்கும். காற்றோ வெப்பத்தை அரிதிற் கடத்துவது. அவ்விடைவெளியை நிரப்பவே வெப்பப்பசை பூசப்படுகின்றது. அப்பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து வெடிப்புறும். பழைய மடிக்கணினி ஒன்று தளர்ந்துவிட்டதென முறையிடப்படுமிடத்துப் பலகாலும் குற்றம் அட்டையினது அன்று. உலர்ந்த பசையும் செட்டைகளில் அடைந்த தூசியுமே காரணம். வெப்பநிலை எல்லை கடந்தவுடன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே புதிய அட்டைக்குப் பணம் செலவிடுமுன், பழையதைத் துடைத்துப் புதுப்பசை பூசிப் பார்த்தல் அறிவுடைமை. அதனாலேயே நிறைவு பெற்று அட்டையை வாங்காது விட்டோரும் உளர். அறையின் வெப்பநிலை 20 பாகையாயுள்ள நாடுகளிற் கூறப்படும் அளவுகளை, 30 பாகைக்கு மேற்பட்ட நம்மனோர் நாட்டில் அப்படியே எதிர்பார்த்தலும் கூடாது. அறை எவ்வளவு சூடோ அவ்வளவுக்குச் செயலியும் மேலேறும்.

நினைவகத் துண்டுகளும் மின்னை நெறிப்படுத்தும் உறுப்புகளும் செயலியினின்றும் உயரத்தால் வேறுபடுவன. அவற்றுக்கும் வெப்பந்தாங்கிக்கும் இடையே மெல்லிய இறப்பர் போன்ற மென்பட்டைகள் வைக்கப்படும். இவை அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் எனப் பல தடிப்பின. பழைய அட்டைக்குப் பொருந்திய தடிப்பு புதிய அட்டைக்குப் பொருந்தவேண்டும் என்னும் நியதி இல்லை. பட்டை தடித்ததாயின் வெப்பந்தாங்கி செயலியைத் தொடாது எழுந்து நிற்கும். மெலிந்ததாயின் நினைவகம் தாங்கியைத் தொடாது வெந்துபோகும். சிறிய அட்டையோடு விற்கப்பட்ட இயந்திரத்தில் வெப்பந்தாங்கியும் சிறியதாக இருத்தல் கூடும். 660எம் அட்டையின் நுகர்வு ஏறக்குறைய 50 உவாற்று. அதன் தாங்கியின்மேல் 100 உவாற்று அட்டையை ஏற்றுவார், அட்டையோடு தாங்கியையும் வாங்குதல் வேண்டும்.

வெப்பத்தால் விளையும் தீங்கு வேகக்குறைவோடு நிற்பதன்று. செயலி சூடேறும்போது விரிந்து, ஓயும்போது சுருங்கும். அதன் சில்லும் அது ஏறியிருக்கும் பலகையும் ஒரே அளவாக விரிவனவல்ல. ஆதலின் இடையிலுள்ள நுண்ணிய பற்றாசு முட்டுகள் நாடோறும் இழுபடும். ஈற்றில் அவை வெடிக்கும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கென விற்ற தன் முந்திய தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் இத்தகைய குறையுண்டு என ஒப்புக்கொண்டு, அதற்கென 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அமெரிக்காவில் வாங்கினோர் தொடுத்த வழக்கு 2010 இல் இணக்கமாக முடிந்தது. அக்காலந்தொட்டு, இறந்த அட்டையை அடுப்பிலிட்டு வேகவைத்தால் உயிர்க்கும் என்னும் ஒரு கைவைத்தியம் பரவிற்று. அது சிலபோது பலித்ததும் உண்மையே. ஆயின் வெடித்த முட்டுகள் அச்சூட்டில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்வதன்றி மீண்டும் பிணைவதில்லை. சில கிழமைகளில் நோய் திரும்பும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006 ஜூலை 1 முதல் ஈயத்தைப் பெரிதும் விலக்கிய பின்னர், பலகைகளிற் பயிலும் பற்றாசு ஏறக்குறைய 217 பாகையிலன்றி உருகாது; முன்னைய ஈயப்பற்றாசுக்கு 183 பாகையே போதும். வீட்டடுப்பில் அச்சூட்டைக் கொணர்வார் அட்டையின் ஏனைய உறுப்புகளையும் கெடுப்பர்; உணவு சமைக்கும் அடுப்பில் நச்சுப்புகையையும் ஊட்டுவர். சந்தையில் மலிவாக விற்கப்படும் பழைய அட்டைகளுள் இங்ஙனம் வேகவைத்து உயிர்ப்பித்தனவும் கலந்திருக்கும். பலகையின் நிறம் கருகியிருத்தல், செயலியைச் சுற்றிப் பற்றாசுப்பசையின் கறை காணப்படல் ஆகியன அதன் அறிகுறிகள்.

அட்டை உடலாற் பொருந்தினும் மொழியாற் பொருந்தாமை உண்டு. ஒவ்வோர் அட்டைக்குள்ளும் ஒரு சிறு மென்பொருள் எழுதப்பட்டிருக்கும். அது கணினி விழித்தெழும்போது தாய்ப்பலகையின் பயோஸ் என்னும் மென்பொருளோடு உரையாடும். திரை எவ்வழியில் இணைந்துள்ளது, விசிறியை எவர் கட்டுப்படுத்துவர் என்பன அவ்வுரையாடலில் முடிவாகும். டெல் இயந்திரத்துக்கென எழுதப்பட்ட அட்டை டெல் இயந்திரத்தில் இயல்பாக இயங்கும். தைவான் நாட்டுக் கிளேவோ நிறுவனத்தின் உடலுக்கென எழுதப்பட்டது டெல் உடலில் இயங்கினும், திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க இயலாமை, விசிறி ஓயாது முழங்கல் முதலிய குறைகள் தோன்றுதல் கூடும். சிலபோது திரை இருண்டே கிடக்கும். 2016 இல் வந்த பாஸ்கல் தலைமுறையில் வேறொரு தடையும் சேர்ந்தது. பழைய மடிக்கணினித் திரைகளுட் பல எல்.வி.டி.எஸ். எனப்படும் இணைப்புமுறையைக் கையாள்வன. பாஸ்கல் அட்டைகள் அம்முறையைக் கைவிட்டன. அத்திரைகளையுடைய இயந்திரத்தில் 1060, 1070 முதலிய அட்டைகளை இடுவார், மத்திய செயலிக்குள் அடங்கிய சிறு வரைகலையின் வழியாகவே திரையை இயக்கவேண்டியவராவர். மேலும், அத்தலைமுறை அட்டைகளுட் பல பொதுவளவைக் கடந்து பெருத்தவை. துளைகள் பொருந்துமோ என அளந்தே வாங்கற்பாலன.

அடுத்த தடை விண்டோஸ் இயக்கியினது. என்விடியா தரும் இயக்கி மென்பொருள், அட்டையின் அடையாள எண்ணோடு அது எந்த இயந்திரத்துக்கென ஆக்கப்பட்டது என்னும் எண்ணையும் பார்க்கும். 2012 இல் ஆக்கிய உடலில் 2014 இன் அட்டை இருப்பதைத் தயாரிப்பாளர் ஒருபோதும் விற்றதில்லை ஆதலின், அவ்வெண் பட்டியலில் இராது. பொருத்தமான உறுப்பு இல்லையென்று இயக்கி தன்னை நிறுவ மறுக்கும். பட்டியற் கோப்பில் அவ்வெண்ணைத் தாமே சேர்த்து, கையொப்பச் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தி நிறுவுதல் பலரும் கைக்கொள்ளும் வழியாகும். தாமே சேர்த்தல் என்பது வற்புறுத்தற்பாலது. முன்பின் அறியாதார் திருத்திவைத்த இயக்கியை இறக்கி நிறுவுதல், வீட்டுச் சாவியை வழிப்போக்கர் கையிற் கொடுப்பதோடு ஒக்கும்.

இனி, இவை யாவும் கூடிவந்தாலும் செலவு தகுமோ என்பது வினா. அட்டை புதிதாயினும் மத்திய செயலி பழையது. வாய்க்கால் ஒடுங்கியதாயின் குளம் நிறைந்திருந்தும் வயலுக்குப் பயனில்லை. மத்திய செயலி படத்துக்கு வேண்டிய பொருளை ஆயத்தஞ் செய்து கொடாவிடின் வரைகலைச் செயலி வாளாவிருக்கும். மூன்றாந் தலைமுறை இன்ரெல் செயலிகளில் இல்லாத சில கட்டளைத்தொகுதிகள் 2013 இல் வந்த நான்காந் தலைமுறையிற் சேர்ந்தன. அவற்றை வேண்டி நிற்கும் புதிய விளையாட்டுகள் சில எம்17எக்ஸ் இயந்திரத்தில் எந்த அட்டை இருந்தாலும் தொடங்கா. விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 எட்டாந் தலைமுறைக்கு முந்திய இன்ரெல் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. அட்டையின் பக்கத்தும் இதே நிலை. பெர்மி, கெப்லர் தலைமுறைகளுக்குப் புதிய இயக்கிகள் வருவது முன்னரே நின்றுவிட்டது. மக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு விளையாட்டுக்கான இயக்கிகள் 2025 ஒக்ரோபரோடு நிறுத்தப்படும் என்றும், 2028 ஒக்ரோபர் வரை காப்புத் திருத்தங்கள் மாத்திரமே வரும் என்றும் என்விடியா அறிவித்தது. எனவே இன்று 980எம் வாங்குவார் புதிய விளையாட்டுகளை நம்பி வாங்குதல் வீண். 2018 இற்கு முந்திய விளையாட்டுகளை நிறைவாக ஆடுதற்கும், இறந்த அட்டையால் மூலையிற் கிடக்கும் நல்ல இயந்திரம் ஒன்றை எழுப்புதற்கும் வாங்குவாராயின் அது தகும். அட்டையும் தாங்கியும் சேர்ந்த விலை, சற்றுப் பிந்திய மடிக்கணினி ஒன்றின் பழம்பொருள் விலையிற் பாதியைக் கடக்குமாயின், அட்டையை விடுத்து இயந்திரத்தை வாங்குதலே மேல்.

அட்டை ஒட்டப்பட்ட இயந்திரம் உடையார்க்குப் புறத்தே வைக்கும் அட்டை ஒரு வழி. மேசைக்கணினியின் அட்டையை ஒரு பெட்டியிலிட்டு, தண்டர்போல்ற் வடத்தினாலோ, உள்ளே சேமிப்பகம் செருகும் வாயினின்று இழுத்த வடத்தினாலோ இணைப்பர். 2015 இல் வந்த தண்டர்போல்ற் 3 செக்கனுக்கு 40 கிகாபிற்று கொள்வது; உள்ளேயுள்ள எம்.எக்ஸ்.எம். வாயோ மூன்றாம் பதிப்புப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் முறையில் ஏறக்குறைய 126 கிகாபிற்று கொள்ளும். வடத்தின் ஒடுக்கத்தால் அட்டையின் வலிமையில் ஒரு பகுதி இழக்கப்படும். வரைந்த படத்தை மடிக்கணினியின் சொந்தத் திரைக்குத் திருப்பி அனுப்பின் இழப்பு மேலும் கூடும். புறத்திரை ஒன்றை அட்டையோடு நேரே இணைத்தல் நன்று. ஆயின் பெட்டியும் வடமும் திரையும் மேசையில் வந்தமர்ந்த பின்னர், மடிக்கணினி என்னும் பெயர்க்கு எஞ்சுவது யாதென வினவுவார்க்கு விடை கூறல் அரிது.

தயாரிப்பாளர் ஏன் அட்டையை ஒட்டத் தலைப்பட்டனர் எனின், மெலிந்த உடலை வாங்குவோர் விரும்பியமை ஒரு காரணம். செருகும் பலகை உயரத்தையும் செலவையும் கூட்டுவது. பழையதைத் திருத்தாது புதியதை வாங்குவிப்பது அவர்க்கு ஆதாயமென்பதும் மறைக்கற்பாலதன்று. டெல் நிறுவனம் 2015 இன் ஏலியன்வெயர் 15, 17 ஆகியவற்றில் எம்.எக்ஸ்.எம். வாயைக் கைவிட்டது. 2019 இல் ஏரியா-51எம் என்னும் இயந்திரத்தைத் தனக்கே உரிய ஒரு செருகலட்டை அமைப்போடு வெளியிட்டு, மாற்றத்தக்கது எனப் பாராட்டிற்று. மறு ஆண்டில் வந்த வலிய அட்டைகளோ முதற் பதிப்புக்குக் கிடைக்கவில்லை. இதன்பொருட்டு 2021 இற் கலிபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. இதற்கு மாறாகப் பிரேம்வேர்க் என்னும் அமெரிக்க நிறுவனம், 2024 இல் விற்கத் தொடங்கிய 16 அங்குல மடிக்கணினியின் பின்புறத்தே வரைகலைப் பகுதியைக் கழற்றத்தக்கதாக அமைத்தது. முதலில் றேடியன் 7700எஸ் செயலியோடு வந்த அவ்வியந்திரத்துக்கு, 2025 இல் ஜீபோர்ஸ் 5070 செயலி கொண்ட பகுதி தனியே விற்பனைக்கு வந்தது. முன்னர் வாங்கினோரும் அதனை வாங்கிப் பொருத்தலாம்.

மாற்றத் துணிந்தோர் கையாளவேண்டிய முறை சிலவே. மின்வழங்கியைப் பிரித்து, மின்கலத்தைக் கழற்றி, தொடக்க ஆளியைச் சில செக்கன் அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்குதல் வேண்டும். உடலிலுள்ள நிலைமின் செயலியைக் கொல்லவல்லது. வெற்றுலோகம் ஒன்றைத் தொட்டுக் கைகளை மின்னற்றனவாக்கிய பின்னரே பலகையைத் தொடுக. தாங்கியின் திருகுகளில் 1, 2, 3, 4 என எண் பொறித்திருக்கும். அவ்வொழுங்கிலேயே தளர்த்தி அவ்வொழுங்கிலேயே இறுக்குக. ஒருபுறத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபுறம் செல்வாராயின் சில்லின் விளிம்பு உடையும். அட்டையைச் சாய்வாக வைத்து வாயினுள் முழுதும் செலுத்தி, பின்னர்ப் படுக்கவைத்துத் திருகுக. பொன்முலாமிட்ட முனைகள் வெளியே தோன்றின் அட்டை முழுதும் நுழையவில்லை என்றறிக. பசை மிகுதியாயின் வழிந்தோடும். கடுகினும் சற்றுப் பெரிய ஒரு துளி போதும்.

முதன்முறை தொடக்குமுன் அடிமூடியைத் திருகாது விடுதல் நன்று. திரை ஒளிபெற்றதும் விளையாட்டிற் புகாது, வெப்பநிலை காட்டும் மென்பொருளை இயக்கி, சும்மா இருக்கையிலும் வேலை செய்கையிலும் எண்களைக் குறித்துக்கொள்க. வேலை தொடங்கிய சில செக்கனில் 90 பாகையைக் கடக்குமாயின் தாங்கி செயலியைச் சரிவரத் தொடவில்லை. நிறுத்தி, மென்பட்டைகளின் தடிப்பைப் பார்த்தல் வேண்டும். கழற்றிய பழைய அட்டை உயிருள்ளதாயின் அதனை விற்றுவிடாது நிலைமின் தடுக்கும் பையிலிட்டு வைக்க. புதிய அட்டையோடு திரை இருண்டு, பயோஸ் அமைப்பை மாற்றவேண்டி நேரின், உள்ளே புகுதற்கு அப்பழைய அட்டையே மீண்டும் வேண்டியிருக்கும்.